புதுப்பிப்பு: தோல் சேணமா, செயற்கைச் சேணமா? ஒரு மழைக்காலம் கழித்து

சித்திரை சீசன் முடிந்த கையோடு கேட்டிருந்தேன்: நுவரெலியாவில் மட்டக்குதிரை ஒன்றுக்குச் சேணம் வாங்க வேண்டும், தோலா செயற்கையா என்று. பாதிப் பேர் தோல் என்றீர்கள். சரி, பழைய தோல் சேணம் ஒன்றையே வாங்கினேன்.

ஆனி மழையில்தான் விஷயம் தெரிந்தது. நான்கு நாள் தொடாமல் லாயத்தில் (குதிரை கட்டும் லாயம்தான், தோட்டத்து லயம் இல்லை) கிடந்தது. ஐந்தாம் நாள் தையல் நெடுக வெள்ளையாகப் பூசணம். ஈரத்துணியால் துடைத்து, சேணச் சவர்க்காரம் போட்டு, நிழலில் வைத்தேன். அவசரத்தில் அடுப்பருகே காயவைத்த வார் மட்டும் விறைத்து, மடித்த இடத்தில் வெடித்துவிட்டது. 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் மழைக்காலத்தில் எதுவும் சீக்கிரம் காயாது என்று எனக்குத் தெரியாதா என்ன!

அப்புறம் செயற்கைச் சேணம் ஒன்றை இரவல் வாங்கினேன். தூக்கும்போதே பாரம் குறைவு. நனைந்தால் துடைத்தால் போதும். ஆனால் முதல் சவாரி முடிந்து கழற்றினால், குதிரையின் முதுகெல்லாம் வியர்வை, தோள்மேட்டின் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) இரு பக்கமும் மட்டும் உள்ளங்கை அளவில் காய்ந்த திட்டு. வியர்க்காத அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது என்று அர்த்தம்; அதன் முன்வளைவு ஒடுக்கம். நல்லவேளை, உள்ளே இருந்த உலோக வளைவைக் கழற்றி அகலமானதைப் போட முடிந்தது. என் தோல் சேணத்தில் அந்த வசதி இல்லை.

செயற்கையையே சொந்தமாக வாங்கப் போகிறேன். தோல், தை மாசி வெயிலுக்கு.

தேங்காய் எண்ணெய் பூசச் சொன்ன அண்ணே, கோபிக்க வேண்டாம். கொஞ்சம் கூடிப்போய், அங்கவடி (சவாரியில் கால் வைக்கும் வளையம்) தொங்கும் வார் தொளதொளவென்று ஆகிவிட்டது.