ஐடிசி ஹோட்டல்ஸ்: பிரிந்து வந்த பங்குக்கு விலை போடுவது எப்படி?

தேவகோட்டை வாசகர்:
2019-ல் 250 ரூபாய்க்கு வாங்கின ஐடிசி 400 பங்கு இருக்கு. ஐடிசி தன் ஹோட்டல் தொழிலை ஐடிசி ஹோட்டல்ஸ் என்று தனிக் கம்பெனியாகப் பிரிச்சுது. பத்துக்கு ஒன்று கணக்கில் அதில் 40 பங்கு என் டீமேட் கணக்கில் வந்தது. அடக்க விலையை, அதாவது நான் வாங்கின விலையை, ஐடிசிக்கு 86.49%, ஹோட்டல்ஸுக்கு 13.51% என்று பிரிக்கச் சொல்லியிருக்காங்க. அப்படிப் பார்த்தால் ஹோட்டல் பங்கு ஒன்று 337.75 ஆகுது. ஆனால் 2025 ஜனவரி 29-ல் என்எஸ்இ பங்குச்சந்தையில் 180-க்குத்தான் பட்டியலாச்சு. சகாய விலைதானே, இன்னும் வாங்கிப் போடலாமா?

காரைக்குடி வாசகர்:
தம்பி, 337.75 வரிக்கான அடக்கம், மதிப்பு இல்லை. பிரிந்து போன நிகர சொத்தின் (கடன் போக மிஞ்சும் சொத்தின்) ஏட்டு மதிப்பு, அதாவது கணக்குப் புத்தகத்தில் எழுதின தொகை, தாய்க் கம்பெனியின் நிகர மதிப்பில் எத்தனை சதவீதம் என்று பார்த்துப் போட்ட விகிதம் அது. ஹோட்டலில் நிலமும் கட்டடமும் கனம், அதனால்தான் 13.51. பர்மாத் தேக்குத் தூண் வைத்த வீட்டுக்குப் பேரேட்டில் எழுதின தொகையை வைத்து இன்றைக்கு யாராவது விலை பேசுவாங்களா?

ஹோட்டல் தொழில் போன பிறகு ஐடிசிக்கு என்ன விலை என்று கண்டுபிடிக்க 2025 ஜனவரி 6-ல் நடந்த சிறப்பு அமர்வில் ஐடிசி சுமார் 26 ரூபாய் இறங்க, அதைப் பத்தால் பெருக்கி 260 என்றார்கள். அதையும் பிடித்துக்கொள்ள வேண்டாம். தாய்ப் பங்கு 1 ரூபாய் அசைந்தால் இதில் 10 ரூபாய் மாறிவிடும்.

முதலில் மொத்த ஹோட்டல் கம்பெனிக்கும் சந்தை என்ன விலை கேட்குது என்று பாருங்க. சுமார் 208 கோடி பங்கு, 180 வீதம் 37,440 கோடி. பிறகு ஐடிசியின் பழைய ஆண்டறிக்கைகளில் ஹோட்டல் பிரிவின் தனிக் கணக்கை எடுங்க. அங்கேதான் பலரும் வழுக்குவாங்க: பிரிவு லாபத்தில் தலைமை அலுவலகச் செலவு முழுசாகக் கழிந்திருக்காது. தனியாக வந்தபின் இயக்குநர் குழு, தணிக்கை, கணினி, பிராண்டுக்கான கட்டணம் எல்லாம் இதன் தலையில். அதைக் கழித்து, தேய்மானம் வட்டி வரிக்கு முந்தைய லாபத்தைப் போல் எத்தனை மடங்கு விலை கேட்குது என்று பாருங்க. இந்தியன் ஹோட்டல்ஸ் (தாஜ்), இஐஎச் (ஓபராய்) எத்தனை மடங்கில் போகுதோ அதோடு ஒப்பிடுங்க. நல்ல வருஷம் ஒன்றை மட்டும் எடுத்தால் விலை ஏமாற்றும். கொரோனா அடித்த 2020-21 மாதிரி வருஷமும் சேர்ந்த சராசரிதான் சரி.

பட்டியலுக்கு முன் பங்குச்சந்தைத் தளத்தில் போடும் தகவல் அறிக்கையைக் கட்டாயம் படிங்க. ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்), வழக்குகள், கொடுத்த உத்தரவாதங்கள் அதில் இருக்கும். பிரியும் தொழிலுக்கென்று வாங்கின கடன் அதோடு போகும். கம்பெனிக்குப் பொதுவாக வாங்கின கடன் சொத்து விகிதத்தில் பிரியும்.

பட்டியலான முதல் 10 வர்த்தக நாள், விலை ஒரு நாளில் 5%-க்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. டெலிவரி மட்டும், அன்றைக்கே வாங்கி விற்க முடியாது. குறியீட்டில் உள்ள பங்குகளை மட்டும் வைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுகள், புதுப் பங்கு குறியீட்டிலிருந்து நீங்கும்போது மதிப்புப் பார்க்காமல் விற்றே ஆகணும். ரிலையன்ஸிலிருந்து பிரிந்த ஜியோ ஃபைனான்ஷியல் 2023 ஆகஸ்ட் 21-ல் பிஎஸ்இ பங்குச்சந்தையில் 265-க்கு வந்து, தொடர்ந்து கீழ்வரம்பில் பூட்டிக் கிடந்தது. அந்த நாட்களின் விலையை வைத்து தொழிலை எடை போடக் கூடாது.

பள்ளத்தூர் வாசகர்:
அண்ணன் சொன்னதோடு தாய்ப் பங்கையும் பாருங்க. ஹோட்டல்ஸில் ஏறக்குறைய 40% ஐடிசி கையிலேயே இருந்தது. 180 விலையில் அது ஒரு ஐடிசி பங்குக்கு சுமார் 12 ரூபாய், ஆனால் சந்தை அதை முழுசாக மதிக்காது. நம்மூர் முருகப்பா குழுமத்தில் 2017-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் உற்பத்தித் தொழில் தனியானபோது, பழைய கம்பெனியில் நின்றது ஃபைனான்ஸ், இன்சூரன்ஸ் பங்குகள். இன்றைய சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ் அதுதான். கையில் வைத்திருக்கும் பங்குகளின் மதிப்பைவிடக் குறைவாகவே போகிறது. அந்த இடைவெளி தானாக மூடும் என்று நம்பி வாங்காதீங்க.

தேவகோட்டை வாசகர்:
நன்றிண்ணே. புரோக்கர் ஆப் அடக்கம் பூஜ்யம் என்று காட்டுது. விற்றால் முழுத் தொகைக்கும் வரியா?

காரைக்குடி வாசகர்:
இல்லை. 1,00,000-ல் 13,510 இந்த 40 பங்குக்கு, 86,490 ஐடிசிக்கு, அதாவது பங்குக்கு 216.23. ஆப்பில் கையால் திருத்திடுங்க, ஐடிசி பக்கமும் சேர்த்து. 180-க்கு விற்றால் 6,310 நஷ்டம். வைத்திருந்த காலம் 2019-லிருந்தே எண்ணப்படுவதால் அது நீண்டகால நஷ்டம்: நீண்டகால லாபத்தில் மட்டும் கழிக்கலாம். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் 8 வருஷம் கொண்டு போகலாம்.