குண்டைப் பார்க்காமல் குண்டுதான் என்று உறுதி செய்வது எப்படி? வகுப்பு விளையாட்டுக்கு யோசனை தேவை

பிளஸ்ஒன்_இயற்பியல்:
வணக்கம். எங்கள் அறிவியல் மன்றத்துக்காக ஒரு விளையாட்டு தயாரிக்கிறேன். அணுகுண்டுகளைக் கலைக்க ஒப்புக்கொண்ட நாடு ஒரு அணி, அதைச் சரிபார்க்க வரும் ஆய்வாளர்கள் இன்னொரு அணி. 2009-இல் பிரிட்டனும் நார்வேயும் சேர்ந்து நார்வேயில் நடத்திய ஒத்திகையிலிருந்து எடுத்த யோசனை. குண்டே இல்லாத நார்வே அதில் 'டோர்லாண்ட்' என்ற கற்பனை அணு ஆயுத நாடாக நடித்தது. குண்டு வைத்திருக்கும் பிரிட்டன் 'லுவானியா' என்ற பெயரில் ஆய்வாளராக வந்தது. குண்டில் இருக்கும் புளூட்டோனியத்துக்குப் பதில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். இந்தத் தலைகீழ் வேஷம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் என் விளையாட்டு ஆரம்பித்த வேகத்திலேயே படுத்துவிடுகிறது. ஆய்வாளர் அணி "பெட்டியைத் திற" என்கிறது. எதிரணி "ரகசியம், முடியாது" என்கிறது. அப்புறம் கத்தல்தான். திறக்கலாம் என்று விதி வைத்தால் விளையாடவே ஒன்றுமில்லை, திறக்கக் கூடாது என்றால் ஏமாற்றுகிற அணிதான் ஜெயிக்கிறது. பகடை போட்டுத் தீர்மானிக்கலாமே என்றார் சக ஆசிரியர் ஒருவர். பகடை அதிர்ஷ்டத்தைத் தவிர எதைக் கற்றுத்தரும்? பார்க்காமல் உறுதி செய்வதைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும். கருவி வாங்கக் காசு கிடையாது.

காமா_தாத்தா:
முதலில் மதிப்பெண் விதியை மாற்றுங்கள். ரகசியம் வெளியே வந்தால் குண்டு வைத்திருக்கும் அணிக்கு மட்டும் நஷ்டம் என்று வைத்திருப்பீர்கள். இரண்டு அணியும் தோற்க வேண்டும். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, குண்டு செய்ய மற்ற நாடுகளுக்கு உதவக் கூடாது என்கிறது. இரண்டாம் பிரிவு, மற்ற நாடுகள் அந்த உதவியைப் பெறவும் கூடாது என்கிறது. நார்வே போன்ற நாட்டின் ஆய்வாளருக்கு உள்ளே இருக்கும் வடிவமைப்பு தெரிந்துபோனால் அவருக்கும் அது தலைவலிதான். இந்த விதி வந்தாலே "திற" என்ற கூச்சல் அடங்கிவிடும்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் காமா நிறமாலையோடுதான், அதாவது ஒரு பொருள் விடும் காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தோடுதான். பக்கத்தில் நல்ல ஜெர்மானியம் கருவி ஒன்றை வைத்தால் புளூட்டோனியம் தன் ஜாதகத்தையே சொல்லிவிடும். 1989-இல் கருங்கடலில் 'ஸ்லாவா' என்ற சோவியத் போர்க்கப்பலில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஏவுகணைக் குழாய் மேல் அப்படி ஒன்றை வைத்து அளந்தார்கள். குண்டு இருப்பதும் தெரிந்தது, அதில் என்னென்ன உலோகம் என்பதும் தெரிந்தது. பிரிட்டனும் நார்வேயும் சேர்ந்து செய்த கருவி அதனால்தான் நிறமாலையை யாருக்கும் காட்டாது. பச்சை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

உங்களுக்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. அலெக்சாண்டர் கிளேசர், போவாஸ் பராக், ராபர்ட் கோல்ட்ஸ்டன் மூவரும் 2014-இல் நேச்சர் இதழில் எழுதியதன் அடிப்படை இது. இரண்டு மூடிய டம்ளர்கள். ஒன்று மாதிரிக் குண்டு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த நிஜக் குண்டு; இன்னொன்று கலைக்கக் கொண்டுவந்த குண்டு. இரண்டிலும் 37 புளியங்கொட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் ரகசியம். சொந்தக்கார அணி இரண்டு பைகளில் 63, 63 போட்டு வைக்கிறது. எந்த டம்ளர் எந்தப் பையில் என்பதை ஆய்வாளர்தான், அதுவும் கடைசி நிமிடத்தில் சொல்வார். கொட்டி எண்ணினால் இரண்டிலும் 100 வர வேண்டும். வந்தால் இரண்டு டம்ளரும் சமம். 37 என்பது யாருக்கும் தெரியாது.

போலி டம்ளரில் 30 மட்டும் போட்டு, ஈடுகட்ட ஒரு பையில் 70 வைத்திருந்தால்? ஆய்வாளர் மாற்றிச் சொன்னால் 107-உம் 93-உம் வந்து மாட்டிக்கொள்வார்கள். தப்பிக்கப் பாதி வாய்ப்பு. ஐந்து போலிகளைத் தனித்தனியாகச் சோதித்தால் ஐந்திலும் தப்பிக்க 32-இல் ஒரு வாய்ப்புதான். நிஜத்தில் புளியங்கொட்டைக்குப் பதில் நியூட்ரான். முன்கூட்டியே எண்ணிக்கை ஏற்றிய உணர்கருவிகள்தான் பைகள்.

குறுக்குக்கேள்வி:
அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு டம்ளருமே போலி என்றால்? 30, 30, பைகளில் 70, 70. எப்போதும் 100 வரும், ஆய்வாளர் கைதட்டிவிட்டுப் போவார்.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. கொண்டுவந்த குண்டு நிஜம்தான், சரி. கொண்டுவராதது எத்தனை? தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு குண்டு செய்தோம், எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம் என்று அந்நாட்டு அதிபர் டி கிளார்க் 1993 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆய்வாளர்கள் பார்க்க ஒரு குண்டுகூட மிச்சமில்லை. சர்வதேச அணுசக்தி முகமை என்ன செய்தது? யுரேனியம் செறிவூட்டிய ஆலையின் பழைய பதிவேடுகளைப் புரட்டியது. எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு கையிருப்பு, கணக்கு ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து பார்த்தது. கலஹாரி பாலைவனத்தில் சோதனைக்காகத் தோண்டிய குழிகளையும் தன் கண்முன்னால் பயன்படாதபடி ஆக்கவைத்தது. எனக்குப் பிடித்த பகுதி இந்தக் கணக்குப்பிள்ளை வேலைதான். விளையாட்டில் ஒரு கொள்முதல் நோட்டு கட்டாயம் வேண்டும்.

காமா_தாத்தா:
இரண்டும் போலி என்ற கேள்வி நியாயமானது. மாதிரியைச் சொந்தக்காரர் பொறுக்கித் தரக் கூடாது, பதில் அதுதான். ஏவுகணையில் ஏற்றித் தயாராக நிற்கும் குண்டுகளில் ஒன்றை ஆய்வாளர் கைகாட்டுவார். யாரும் போலிக் குண்டை ஏவுகணையில் ஏற்றி வைத்துக்கொண்டு நாட்டைக் காக்க மாட்டார்கள். கைகாட்டிய கணத்திலிருந்து முத்திரை விழ வேண்டும். நோட்டு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான்.

பிளஸ்ஒன்_இயற்பியல்:
இரண்டு பேருக்கும் நன்றி. இப்படி மாற்றுகிறேன்: முதல் சுற்று நோட்டு, இரண்டாம் சுற்று டம்ளர். 'ஏவுகணையில்' இருக்கும் டம்ளர் போலி என்று தெரிந்தால் சொந்தக்கார அணிக்குப் பாதுகாப்புப் புள்ளி காலி. முத்திரைக்கு மெழுகும் கையெழுத்தும். ஒரே ஒரு சந்தேகம். என் பிள்ளைகள் டம்ளரைக் குலுக்கிப் பார்த்தே எண்ணிக்கையை யூகித்துவிடுவார்கள்.

காமா_தாத்தா:
குலுக்கினால் அதுவும் ரகசியக் கசிவுதான், இரண்டு அணிக்கும் புள்ளி போகும். டம்ளரைச் சொந்தக்கார அணி மட்டும் தொடட்டும். பையும் டம்ளரும் ஒரே பெரிய அட்டைப்பெட்டிக்குள் கொட்டப்படட்டும், அது காலிப் பெட்டி என்பதை ஆய்வாளர் முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம். கலந்த பிறகு மூடியைத் திறந்து எண்ணுவது ஆய்வாளர்.