டி-சர்ட்டில் எட்டுக் கறைகள்: ரத்தத் தெறிப்பை நம்பித் தண்டிக்கலாமா?

கதிர்வேல்: டேவிட் கேம் வழக்கைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2000-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டு கார் ஷெட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவருடைய டி-சர்ட்டில் மகளின் ரத்தம் எட்டுச் சின்னப் பொட்டுகளாக இருந்தது. அவரே சுட்டபோது தெறித்தது என்றார்கள் அரசுத் தரப்பு நிபுணர்கள். மகனைக் காரிலிருந்து தூக்கும்போது மகளின் தலைமுடி உரசிப் பட்டது என்றார்கள் எதிர்த்தரப்பு நிபுணர்கள். இரண்டு முறை தண்டனை, இரண்டும் ரத்து, 2013-ல்தான் விடுதலை. ரத்தக் கறையைப் பார்த்து நடந்ததைச் சொல்லும் இந்தத் துறையை எப்படி அறிவியல் என்பது?

நிலாமதி: ஒரு வழக்கை வைத்துத் துறையையே தள்ளிவிடாதீர்கள் சார். துளி நேராக விழுந்தால் வட்டம், சாய்வாக விழுந்தால் நீள்வட்டம். அகலத்தை நீளத்தால் வகுத்தால் கோணத்தின் சைன் மதிப்பு வரும். 4 மி.மீ. அகலம், 8 மி.மீ. நீளம் என்றால் 30 டிகிரி. கறையின் வால் துளி போன திசையைக் காட்டும். இதில் அபிப்பிராயத்துக்கு எங்கே இடம்?

கதிர்வேல்: வழவழப்பான டைல்ஸில் சரி. பருத்தித் துணியில் ரத்தம் நூல் வழியே ஊறிப் பரவிவிடும், எந்த அகலத்தை அளப்பீர்கள்? தெறிப்பா உரசலா என்று பிரிப்பது கண்ணால் பார்த்துச் சொல்வது, கணக்கில்லை.

செந்தில்: அதை ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள். 2021-ல் வெளியான ஆய்வில் இதே வேலையில் இருக்கும் 75 பேரிடம் கறைகளைக் காட்டினார்கள். எப்படி உண்டானவை என்று ஏற்கெனவே தெரிந்த கறைகளில் சுமார் 11 சதவீதப் பதில்கள் தவறு. ஒருவர் செய்த தவறையே இன்னொருவரும் செய்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பயம் தருகிறது. அப்புறம் இரண்டாவது நிபுணரிடம் கேட்டு என்ன பயன்?

நிலாமதி: டாக்டர் சாம் ஷெப்பர்டுக்கு இதே துறைதான் கைகொடுத்தது. 1954-ல் ஒஹையோவில் அவர் மனைவி கொல்லப்பட்டார், பழி அவர்மேல். படுக்கையறைச் சுவர்களை ஆராய்ந்த தடயவியல் நிபுணர் பால் கிர்க், 1966 மறுவிசாரணையில் சாட்சி சொன்னார். ஷெப்பர்டு விடுதலையானார்.

கதிர்வேல்: சுவரில் ரத்தம் படாத பகுதியை வைத்துக் கொலையாளி நின்ற இடத்தைக் கிர்க் சொன்னார், அதை ஏற்கிறேன். அடித்தவன் இடக்கையன் என்றும் சொன்னாரே, அந்தத் தாவல்தான் ஆபத்து. கேம் வழக்கிலும் சம்பவ இடத்தில் கிடந்த ஸ்வெட்ஷர்ட்டின் டிஎன்ஏ வேறொருவருடையது என்று 2005-லேயே தெரிந்து, அந்த ஆளுக்குத் தண்டனையும் கிடைத்தது. அப்படியும் 2006-ல் அந்த எட்டுப் பொட்டுகளை மறுபடி ஜூரி முன்னால் கொண்டுவந்தார்கள்.