பேஜ்ஃபைலை எடுத்ததும் போட்டோஷாப் மூடிக்கொள்கிறது, ராம் நிரம்பவே இல்லையே?

சிம்மக்கல் டிசைனர்:
பத்திரிகை, பிளெக்ஸ் டிசைன் பண்ணும் சின்னக் கடை. சிஸ்டம் பழசு: விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், ஒரே ஹார்ட் டிஸ்க்கில் சி, டி என்று இரண்டு பிரிவு. சி சிவப்புக்குப் போனதால் மறைந்திருக்கும் ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். பேஜ்ஃபைல்.சிஸ் என்று ஒன்று 6 ஜிபியைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. தெரிந்தவர் ஒருவர் "இது தண்டம்" என்று 'நோ பேஜிங் ஃபைல்' கொடுத்துவிட்டுப் போனார். இன்று காதணி விழா பேனர் ஒன்றில் பிள்ளையின் முடியை ஓரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, மெமரி குறைவு என்று காட்டி போட்டோஷாப் மூடிவிட்டது. ஒன்றரை மணி நேர வேலை. சேவ் பண்ணவில்லை, திட்டாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ராம் 80 சதவீதம்தான். பிறகு ஏன்?

நைட் டூட்டி:
அண்ணே, அதே பக்கத்தில் கீழே 'கமிட்டட்' என்று இருக்கும். அது எவ்வளவு?

சிம்மக்கல் டிசைனர்:
3.7/3.9 ஜிபி.

நைட் டூட்டி:
அதுதான் விஷயம். மண்டபத்தில் நூறு இலைக்குத்தான் இடம், நூறு டோக்கனும் கொடுத்தாச்சு. எண்பது பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாலும் அடுத்த ஆளுக்கு டோக்கன் கிடையாது. புரோகிராம்கள் கேட்டு வாங்கிவைத்த மெமரி எல்லாம் விண்டோஸ் கணக்கில் கொடுத்ததுதான், தொடாவிட்டாலும். அந்த 3.9 என்ற வரம்பு ராமும், ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் பேஜ்ஃபைலும் சேர்ந்தது. நீங்கள் ஒன்றை எடுத்துவிட்டீர்கள்.

திரும்ப வைக்க: திஸ் பிசி, பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி. சி-யில் இடமில்லாததால் டி-யைத் தேர்ந்து 'சிஸ்டம் மேனேஜ்டு' கொடுங்கள். 'செட்' பட்டனை அழுத்திய பிறகே ஓகே. பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுவார்கள். போட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் டிஸ்க், அதாவது அது தன் தற்காலிக ஃபைல்களை எழுதும் இடம், வேறு கணக்கு. அதையும் டி-க்கு மாற்றுங்கள்.

பழைய வாத்தியார்:
தண்டம் என்றவரிடம் சொல்லுங்கள்: 1962-லேயே மான்செஸ்டரின் அட்லஸ் கணினியில் இந்த வித்தை இருந்தது. டிஸ்க்குக்குப் பதில் காந்த உருளை, அவ்வளவுதான். இன்று உங்கள் விண்டோஸ் செய்வதும் அதுதான்: மெமரியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, கொஞ்ச நேரம் தொடாததை டிஸ்க்கில் எழுதிவைப்பது, புரோகிராம் தேடும்போது கொண்டுவருவது. ஆனால் பேஜ்ஃபைல் ராமுக்கு மாற்று அல்ல. சுழலும் டிஸ்க்கில் ஒன்றைத் தேட 10 மில்லி செகண்ட் ஆகலாம், ராமை விட ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. பேனரைப் பெரிதாக்கும்போதெல்லாம் டிஸ்க் கரகரவென்று அரைக்கிறதா? பக்கங்கள் போய்ப்போய் வருகின்றன.

சிம்மக்கல் டிசைனர்:
மாற்றி ரீஸ்டார்ட் பண்ணினேன். இப்போது மூடவில்லை, ஆனால் சார் சொன்ன மாதிரி அரைக்கிறது. கேபினைத் திறந்தேன், இரண்டாவது ராம் ஸ்லாட் காலி. பழைய 4 ஜிபி ஒன்று போடலாமா?

நைட் டூட்டி:
போடுங்கள். இருக்கிற ராமில் டிடிஆர்3 என்றா டிடிஆர்4 என்றா ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அதையே வாங்குங்கள். லேப்டாப் ராமைத் தள்ளிவிடுவார்கள். பாதி நீளம்தான் இருக்கும், உட்காராது.