குரல் உணர்வறிதல்: சோதனையில் 90க்கு மேல், தோட்டத்துக் குரலில் எல்லாமே 'கோபம்'. பிஎஸ்ஓவில் பிழையா?

ஊவா_மாணவி:
இறுதியாண்டு ஆய்வு இது. ராவ்டெஸ் பேச்சுத் தரவு (நடிகர்கள் உணர்வோடு ஆங்கிலத்தில் பேசிய 1,440 கோப்புகள்), ஓப்பன்ஸ்மைல் என்ற ஒலி ஆய்வு மென்பொருளின் ஐஎஸ்09 தொகுப்பில் 384 ஃபீச்சர்கள் (சுருதி, ஒலிச்சக்தி போன்ற அளவுகள்). பைனரி பிஎஸ்ஓவால் (துகள்கள் கூட்டமாக நல்ல விடையைத் தேடும் முறை; ஒவ்வொரு ஃபீச்சருக்கும் 'வேண்டும்/வேண்டாம்' என ஒரு பிட்) தெரிவுசெய்து எஸ்விஎம் என்ற வகைப்படுத்தும் மாடலுக்குக் கொடுக்கிறேன். 80-20 எனக் கலைத்துப் பிரித்தால் துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல். இலங்கை மலையகத்தில் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கைபேசியில் பதிந்த தமிழ்க் குரலுக்கு மட்டும் பெரும்பாலும் 'கோபம்' என்கிறது. பிஎஸ்ஓவின் சுற்றுகளை 100இலிருந்து 300 ஆக்கியும் பயனில்லை. ஓநாய் அல்காரிதத்துக்கு (ஓநாய்க் கூட்ட வேட்டையைப் பின்பற்றும் இன்னொரு தேடல் முறை) மாறினால் சரிவருமா?

பனிமூட்டம்:
ஓநாயை விடுங்க தங்கச்சி, கோளாறு பிரிப்பில்தான். ராவ்டெஸில் 24 நடிகர்கள், ஆளுக்கு 60 கோப்பு. வசனம் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றையும் அதே உணர்வில் இருமுறை சொல்வார்கள். கலைத்துப் பிரித்தால் ஒருவரின் முதல் தடவை பயிற்சிக்கும், இரண்டாம் தடவை சோதனைக்கும் போய்விடும். மாடல் ஆளை மனப்பாடம் செய்து பாஸாகிறது.

கோப்புப் பெயரைப் பாருங்க: 03-01-06-01-02-01-12. மூன்றாவது எண் உணர்வு (06 என்றால் பயம்), கடைசி எண் நடிகர். அந்தக் கடைசி எண்ணை குரூப்கேஃபோல்டுக்குக் (ஒருவரின் கோப்பெல்லாம் ஒரே பக்கம் விழும்படி பிரிக்கும் கருவி) கொடுங்க. 6 மடிப்பு (பங்கு), மடிப்புக்கு 4 பேர்; முறைக்கு ஒரு மடிப்பு சோதனைக்கு. பிஎஸ்ஓவும் ஸ்கேலரும் (ஃபீச்சர் எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது) மீதி 20 பேருக்குள்ளேயே ஓடணும். முழுத் தரவிலும் தெரிவை முடித்துவிட்டுப் பிரித்தால் விடைத்தாளைப் பார்த்து எழுதின மாதிரி. உள்ளே 5 மடிப்பு, 20 துகள், 40 சுற்று என்றால் வெளியே உள்ள 6 மடிப்புக்கும் சேர்த்து மொத்தம் 24,000 எஸ்விஎம் பயிற்சி. மடிக்கணினி தாங்கும்.

இன்னொன்று, 'சாதாரணம்' வகுப்பில் 96 கோப்புதான், மற்ற ஏழிலும் 192. அதனால் துல்லியத்தை விட்டு, வகுப்புவாரி ரீகால் (அந்த வகுப்பின் கோப்புகளில் சரியாகப் பிடித்த பங்கு) சராசரியை எழுதுங்க. எண் நல்லாவே குறையும். குறைந்த எண்தான் உண்மை.

கொட்டகலை_கோடர்:
300 சுற்று ஏன் உதவலை என்பதற்குத் தனிக் காரணம் இருக்கு. சிக்மாய்டு (துகளின் வேகத்தை 0–1 நிகழ்தகவாக்கும் வளைவு) வைத்த பைனரி பிஎஸ்ஓவில் வேகம் 0 என்றால் நிகழ்தகவு 0.5. கூட்டம் ஒன்றுசேரும்போது வேகம் 0க்கு இறங்கும், உடனே ஒவ்வொரு பிட்டும் காசு சுண்டிப் போட்ட கதை. வேகத்துக்கு எல்லை வைக்காவிட்டால் எதிர்க் கோளாறு: வேகம் 10க்குப் போன பிட் அப்படியே உறைந்துவிடும். சிக்மாய்டுக்குப் பதிலாக டேன்ஹெச் என்ற வளைவின் தனிமதிப்பை எடுத்து, அதைப் பிட்டைப் புரட்டும் நிகழ்தகவாக வைங்க. அப்போது வேகம் 0 என்றால் பிட் அசையாது. எல்லை 4 போதும்.

ஃபிட்னஸ் (பிஎஸ்ஓ குறைக்கப் பார்க்கும் மதிப்பு): 0.99 × பிழை + 0.01 × தெரிவான ஃபீச்சர்களின் விகிதம். ஒப்பிட இரண்டு ஓட்டம் கட்டாயம்: 384ஐயும் கொடுத்தது ஒன்று, அதே எண்ணிக்கையில் கண்ணை மூடிப் பொறுக்கியது ஒன்று. பிஎஸ்ஓ இவற்றைத் தாண்டாவிட்டால் ஓநாய் அல்காரிதமும் திமிங்கில அல்காரிதமும் வந்தும் ஆகப்போவது இல்லை.

தகரக்கூரை:
'கோபம்' எங்கிருந்து வருது என்று சொல்றேன். ஐஎஸ்09இல் ஒலிச்சக்தி ஃபீச்சர்கள் இருக்கு. கைபேசி தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும், அதனால் அந்த எண்கள் நம்பத்தக்கவை இல்லை. எல்லாக் கோப்பையும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி (ராவ்டெஸ் 48), ஒலிமட்டத்தைச் சமப்படுத்திய பிறகுதான் ஃபீச்சர் எடுக்கணும்.

அதுமட்டும் போதாது. மலையில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்கு ஆளைக் கூப்பிடும் குரலில் சுருதியும் ஏறும், மேல் அதிர்வெண்களும் ஏறும். மட்டத்தைக் குறைத்தாலும் அது கோபமாகவே தெரியும். "ஏ புள்ள, தேத்தண்ணி வந்திருச்சு" என்பது கோபமா? அப்படியான கூவல்களைத் தனியே பதிந்து, 'சாதாரணம்' என்று பெயரிட்டுப் பயிற்சியில் சேருங்க.

லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பதிவதானால் தகரத்தில் விழும் மழை எல்லா அதிர்வெண்ணையும் மூடும். யாரும் பேசாமல் மழையை மட்டும் இரண்டு நிமிடம் பதிந்து, பயிற்சிக் கோப்புகளில் பேச்சு மழையைவிட 20, 10, 5 டெசிபெல் உயர்ந்திருக்கும்படி கலக்கிப் பாருங்க. பதுளையில் ஜூன்–செப்டெம்பர் வெயில் காலம், அப்போதே முடிப்பது நல்லது. அந்த மாதங்களில் ஹட்டன் பக்கம் போனால் மழைதான்.

ஊவா_மாணவி:
நன்றி அண்ணே எல்லாருக்கும். இதே மாடலை வைத்து வகுப்பில் பிள்ளைகளின் சலிப்பையும் அறியலாமா?

பனிமூட்டம்:
ராவ்டெஸில் சலிப்பு என்ற வகுப்பே இல்லை. பெர்லின் எமோ-டிபி என்ற இன்னொரு பேச்சுத் தரவில் இருக்கு. ஆனால் 10 ஜெர்மன் நடிகர்கள், 535 வாக்கியம், அதுவும் நடிப்பு. அதை வைத்து நம்ம பிள்ளையைச் சலித்தவன் என்று முத்திரை குத்த வேண்டாம். முதலில் குரூப்கேஃபோல்டில் வந்த எண்ணை இங்கே போடுங்க.