ஒன்பதாவது செய்த ரோபோவை வைத்து இரண்டாவது விளையாடலாமா?

செம்பூர்வாசி:
என் பையன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்காக ஒரு ரோபோ விளையாட்டு செய்திருக்கிறார்கள். தரையில் கட்டம் போட்ட ஃபிளெக்ஸ். சின்னவர்கள் அம்புக்குறி அட்டைகளை வரிசையாக அடுக்கினால், பெரியவர்கள் அதை ரோபோவில் ஏற்றிவிடுவார்கள். அது ஃபிளெக்ஸில் வரைந்த மும்பை தாதரில் கிளம்பி, பள்ளங்களில் மாட்டாமல் சிஎஸ்எம்டி ரயில் நிலையம் போய்ச் சேர வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. பெற்றோர் குழுவிலோ பாதிப்பேர் வேண்டாத வேலை என்கிறார்கள்.

பத்தாவது பயம்:
நானும் அந்தக் கட்சிதான். அடுத்த வருஷம் போர்டு. சாயங்காலம் முழுக்க ஒயர் ஒட்டும் சால்டர் சூட்டுக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அல்ஜீப்ரா யார் போடுவது? சின்னதுகளுக்கோ ஓடியாட இடமில்லை, காம்பவுண்டு பூராவும் கார். பள்ளியில் கிடைக்கிற அரை மணியிலும் வண்டி ஓடுவதை வேடிக்கை பார்க்க வேண்டுமா?

லாமிங்டன் ரோடு:
அக்கா, வேடிக்கை மட்டும் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் இது பழைய யோசனை. 1967-லேயே சேமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னால் தரையில் ஊர்ந்து கோடு போடும் ஆமை ரோபோவும் அதனுடன் சேர்ந்தது. ஆமை எப்படித் திரும்பும் என்று தெரியாவிட்டால், நீயே ஆமையாக நடந்து பார் என்பதுதான் பேப்பர்ட் சொன்ன வழி. உட்கார்ந்த இடத்தில் முடிகிற விளையாட்டு இல்லை இது.

பத்தாவது பயம்:
அப்படியென்றால் பிள்ளையே ரோபோவாக நிற்கட்டுமே! ஒருத்தன் கட்டளை சொல்ல இன்னொருத்தன் நடக்கட்டும். மோட்டார் எதற்கு, பேட்டரி எதற்கு?

மாட்டுங்கா மாமி:
நான் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவள். நீ சொல்கிற விளையாட்டை நிறைய ஆடவிட்டிருக்கிறேன், நல்ல விளையாட்டுதான். ஆனால் ரோபோவாக நிற்கிற பையன் கள்ளன். அட்டையில் தப்பாக 'வலது' இருந்தாலும், போக வேண்டிய இடம் அவனுக்குத் தெரியுமே, கமுக்கமாக இடப்பக்கம் திரும்பிவிடுவான். எழுதினவனுக்குத் தன் தப்பே தெரியாது. இயந்திரம் அப்படி உதவாது, சொன்னபடி போய்ப் பள்ளத்தில் நிற்கும்.

இன்னொன்று. ரோபோ நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலது. ஏழு வயசுக்கு இது பெரிய சிக்கல், ஒன்பதாவது பிள்ளைக்கோ அப்படி ஒன்று இருப்பதே தோன்றாது. ஒரு சக்கரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, அட்டையிலும் 'சிவப்புப் பக்கம்' என்று எழுதச் சொல்லுங்கள். இதைக் கண்டுபிடிக்கிற பெரியவனுக்கு அது அல்ஜீப்ராவுக்குக் குறைந்த படிப்பில்லை.

கோலிவாடா குமார்:
மாமி சொல்வது அழகாக இருக்கிறது. நடப்பது வேறு. பெரியவர்கள் போட்டி ஜட்ஜுக்காகச் செய்கிறார்கள். சின்னவன் அட்டையை எடுக்கும்முன் ஒரு அண்ணன் பிடுங்கி 'இப்படி வைடா' என்பான், போட்டோ எடுப்பார்கள், முடிந்தது. பள்ளிகளில் பிள்ளைகள் கருவிகள் செய்து பார்க்க அரசு வைத்திருக்கும் அடல் டிங்கரிங் லேபே ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரைக்கும்தானே? ஏதோ காரணமாகத்தான் அப்படி வைத்திருப்பார்கள்.

லாமிங்டன் ரோடு:
லேபில் சால்டரும் வெட்டும் கருவிகளும் இருக்கின்றன, அதற்குள் சின்னவர்களை விட முடியாது. அதனால்தான் பெரியவர்கள் செய்து வெளியே கொண்டுவர வேண்டும். பிடுங்குகிற அண்ணன் பிரச்சினைக்கு ஒரே விதி: ஆட்டம் முடியும்வரை கை முதுகுக்குப் பின்னால்.

செம்பூர்வாசி:
சோதனை நாளில் எங்களுக்கு வேறு தொந்தரவு. தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் மேலேயே ஓடும் இன்னொரு வண்டி வகுப்பறையில் ஒழுங்காக ஓடியது, முற்றத்தில் கிறுக்குப் பிடித்ததுபோல் சுற்றியது.

லாமிங்டன் ரோடு:
வெயில், சார். வண்டியில் கோடு தேடும் சென்சார் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை, சூரியனிடம் அது கொட்டிக்கிடக்கிறது. கறுப்புக் கோடும் வெள்ளைத் தரையும் அதற்கு ஒன்றாகிவிடும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் பாவாடை மாதிரி மறைப்பு ஒட்டுங்கள், இல்லையென்றால் உள்ளேயே ஓட்டுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் டிரைவர் சிப் எல்298 என்றால் அதுவே இரண்டு வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். நாலு பென்சில் செல் போட்டுவிட்டு வண்டி நகரவில்லை என்று பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

பத்தாவது பயம்:
ரிப்பன் யோசனை சரி, ஒத்துக்கொள்கிறேன். யூனிட் டெஸ்ட் வாரத்தில் மட்டும் என் பெண்ணைக் கூப்பிட்டால் நேராக பிரின்சிபாலிடம் போவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.