வெள்ளச் சேத கிளெய்மில் பாதிக்கு மேல் வெட்டு: கோர்ட் போகாமல் வாங்க வழி உண்டா?

தரைத்தளம்:
பள்ளிக்கரணைப் பக்கம் சொந்த வீடு. பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி, கட்டடத்துக்கு 30 லட்சம். வெள்ளத்தில் இரண்டடி தண்ணீர் நின்றது. பூச்சு, டைல்ஸ், ஒயரிங், கதவு நிலை சேர்த்து இன்ஜினியர் எஸ்டிமேட் 6,80,000. கம்பெனி 2,85,600 என்கிறது, காரணம் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் வவுச்சரில் (தொகையை ஏற்றுக்கொண்டதாக எழுதித் தரும் சீட்டு) கையெழுத்துப் போட்டால் பணம் வருமாம். போடலாமா?

சேதக்கணக்கு:
முதலில் சர்வே ரிப்போர்ட் (சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை) நகலை மெயிலில் கேளுங்கள். அது கையில் இல்லாமல் வாதாடுவது வீண். தொகையைப் பார்த்தால் இரண்டு வெட்டு தெரிகிறது: 30% தேய்மானம் போக 4,76,000, அதில் 60% என்றால் சரியாக 2,85,600. வீட்டை 50 லட்சம் என மதிப்பிட்டு, நீங்கள் 30 லட்சத்துக்குத்தான் காப்பீடு எடுத்தீர்கள் என்று விகிதம் போட்டிருப்பார்கள்.

தரைத்தளம்:
ரிப்போர்ட் வந்தது சார். அதே கணக்குதான். குளியலறைச் சுவரில் பழைய ஓதம் இருக்கிறது என்றும் ஒரு வரி.

சேதக்கணக்கு:
அப்படியானால் உங்கள் பக்கம் பலம் அதிகம். இந்தப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறைக்காப்பீட்டுக்காக (மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு எடுத்ததற்காக) விகிதம் வெட்டுவதில்லை என்பது இதன் முக்கிய அம்சம். பழைய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசிப் பழக்கத்தில் வெட்டிவிடுகிறார்கள். தேய்மானத்துக்கு எந்தப் பிரிவு ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். பகுதிச் சேதத்துக்கு, சேதத்துக்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவரும் பழுதுச் செலவைத் தருவதாகத்தான் பாலிசி சொல்கிறது. ஆனால் மொசைக் இருந்த இடத்தில் கிரானைட் போட்டால் கூடுதல் செலவு கிடைக்காது. பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அந்த ஓத வரியை அலட்சியம் செய்ய வேண்டாம், நாளை அதையே காரணமாக்குவார்கள். வெள்ளத் தண்ணீரின் கறை எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டிருக்கும். குழாய்க் கசிவு ஒரு மூலையில் திட்டாகப் பரவும். டேப் வைத்து அளந்து அறைவாரியாகப் படம் எடுங்கள். எஸ்டிமேட்டிலும் மொத்தத் தொகையாக இல்லாமல் சதுர அடி, விலை, தொகை என்று வரிவரியாக இருக்கட்டும்.

படிவம்_பார்ப்பவர்:
வவுச்சர் விஷயம்: "முழுத் தீர்வாக" என்ற வாசகத்துடன் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். "மறுப்புடன் பெறுகிறேன், மீதியைக் கோரும் உரிமை நிற்கிறது" என்று எழுதி, மெயிலிலும் அனுப்புங்கள். வவுச்சரில் கையெழுத்திட்டதால் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதற்காக அசட்டையாகப் போட்டுவிட்டு அப்புறம் வாதாட வேண்டாம்.

அடுத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துப் புகார். ஏஜென்டிடமும் கால் சென்டரிலும் பேசியது இதில் சேராது. ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதிந்தால் புகார் எண் கிடைக்கும். 155255க்கு அழைத்தும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம்தான்.

தரைத்தளம்:
கட்டணம் எவ்வளவு சார்? நுகர்வோர் ஆணையத்திலும் ஒரு மனு போட்டு வைக்கட்டுமா, அழுத்தம் கொடுக்க?

படிவம்_பார்ப்பவர்:
கட்டணம் இல்லை. ஆணையத்தில் மட்டும் இப்போது போடாதீர்கள்! அதே விவகாரம் அங்கே நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். வரிசை முக்கியம்.

ஆம்புட்ஸ்மேனிடம் வக்கீல் வர முடியாது, நீங்களே பேச வேண்டும். முதலில் சமரசம் முயல்வார்கள், ஒத்துவராவிட்டால் தீர்ப்பு. 50 லட்சம் வரை அவருக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அப்போது ஆணையத்துக்குப் போகலாம்.

மனு இரண்டு பக்கம் போதும். பாலிசி, சர்வே ரிப்போர்ட், எஸ்டிமேட், படங்கள், குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியது, அவர் பதில், எல்லாவற்றுக்கும் எண் போட்டு இணையுங்கள். கோரிக்கையில் "நியாயமான இழப்பீடு" என்று எழுதாமல் 6,80,000 கழித்தல் 2,85,600, மீதி 3,94,400 என்று தொகையைப் போடுங்கள்.

சேதக்கணக்கு:
வீட்டுக் கடன் இருந்தால் பாலிசியில் வங்கி பெயர் இருக்கும், தொகை அங்கேதான் போகும். வங்கியின் ஒப்புதல் கடிதத்தை இப்போதே கேட்டு வையுங்கள்; கடைசியில் இதனால்தான் இழுக்கிறது.